அப்பாவின் குரல் இருந்த பதினெட்டு டேப்புகள்

அப்பா நாற்பத்திரண்டு படங்களில் நடித்தார். ஒன்றில்கூட அவருடைய குரல் இல்லை.

ஆள் ஆறடி. தோளும் மீசையும் இன்ஸ்பெக்டர் வேடத்துக்கு அளவெடுத்தவை. குரல் மட்டும் கீச்சென்று இருக்கும். முதல் படத்தில் அவர் மிரட்டியதும், திருடனாக நடித்தவர் சிரித்துவிட்டாராம். அதிலிருந்து அப்பாவுக்கு வேறொருவர் டப்பிங் பேசினார். அவரைக் குரல் மாமா என்போம். ஐந்தடி உயரம், குச்சி உடம்பு. பேசினால் ஜன்னல் கண்ணாடி அதிரும்.

"ரெண்டு பேரையும் சேர்த்துத் தச்சா ஒரு நடிகன் தேறும்" என்பாள் அம்மா.

"தச்சப்புறம் யாரோட குடித்தனம் பண்ணுவே?" என்பார் அப்பா.

ஐம்பது வயதில் பட வாய்ப்புகள் குறைந்தன. தொலைக்காட்சி வந்த புதிது. நாடகம் நேரடியாக ஒளிபரப்பாகும். டப்பிங்குக்கு வழியே இல்லை. அதில் அப்பாவுக்கு ஓய்வுபெற்ற தபால்காரர் வேடம். அதற்கு அந்தக் கீச்சுக் குரல்தான் வேண்டும் என்றார்கள்.

முதல் நாளே வசனம் தடுமாறியது. சினிமாப் பழக்கத்தில் அப்பா கேமராவைப் பார்த்து, "இன்னொரு தடவ எடுத்துக்கலாமா சார்?" என்று கேட்டுவிட்டார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. தபால்காரரின் மனைவியாக நடித்த நடிகை அசரவில்லை.

"யாரைப் பார்த்து சார் சார்ங்கறீங்க? ரிட்டயராகி ஆறு மாசமாச்சு. உக்காருங்க."

தபால்காரரின் ஆபீஸ் ஞாபகம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். நாடகம் நான்கு வருடம் ஓடியது. கடைக்காரர் திரும்பிப் பார்க்காமலே, "வாங்க தபால்காரரே" என்பார். அன்றெல்லாம் அப்பாவின் நடையே வேறு.

நாடகத்தின் கடைசி வருடத்தை டேப்பில் பதிந்தார்கள். இரண்டு வருடம் கழித்து அதே நிலையத்தில், டேப் அறையில், நான் பொறியாளராகச் சேர்ந்தேன். டேப்புக்குத் தட்டுப்பாடு. ஒளிபரப்பானதை அழித்து, அதன்மேல் புதியதைப் பதிவோம். டேப்பைக் காந்த இயந்திரத்தின்மேல் வைத்து இருபது விநாடி சுற்ற வேண்டும். அவ்வளவுதான். ஒரு செவ்வாய்க்கிழமைப் பட்டியலில் அப்பாவின் நாடகம் இருந்தது. பதினெட்டு டேப்புகள். மேலதிகாரியின் கையெழுத்தைச் சரிபார்த்தேன். அழித்தேன்.

வீட்டில் சொன்னேன்.

"நல்லா அழிச்சியா, இன்ஜினியரம்மா? மிச்சம் மீதி இருந்தா, நியூஸ் வாசிக்கற பொண்ணுக்குப் பின்னாடி நான் பேசிட்டிருப்பேன்."

சிரித்தேன். அவரும் சிரித்தார். அத்துடன் மறந்துவிட்டேன்.

போன மாதம் அப்பா இறந்தார். மறுவாரம் நிலையத்துக்குப் போய், அலமாரி அலமாரியாகத் தேடினேன். ஒரு டேப் தப்பியிருந்தால் போதும். இல்லை. என் வேலையில் குறை வைத்ததில்லை. வீட்டிலும் யாரும் அவர் பேச்சைப் பதியவில்லை. தினமும் கேட்கிற குரலை எதற்குப் பதிவது?

குரல் மாமா பார்க்க வந்தார். எண்பது வயது. உட்காரவே நேரம் பிடித்தது.

"மாமா, அப்பா குரல் எங்கயுமே இல்ல. இருந்ததையும் நான்தான் அழிச்சேன்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"அவன் உன்கிட்ட சொல்லலையா? டப்பிங்குக்கு ஒவ்வொரு தடவையும் கூட வருவான். ஒவ்வொரு வசனத்தையும் முதல்ல அவன் சொல்லிக் காட்டுவான். எங்க இழுக்கணும், எங்க முழுங்கணும், எல்லாம் அவன் போட்ட கணக்கு. தொண்டை மட்டும்தான்மா என்னுது."

"சொல்லிக் காட்டுங்க."

கண்ணை மூடிக்கொண்டார். கோர்ட் காட்சி ஒன்று. "உங்க பையன் தப்பு பண்ணலம்மா. எனக்குத்... தெரியும்." வயது அந்தக் குரலையும் மெலிதாக்கியிருந்தது. கடைசிச் சொல்லுக்கு முன் ஒரு சின்ன இடைவெளி, அரை விநாடிகூட இருக்காது. மனசு கலங்கினால் அப்பா அங்கேதான் நிற்பார். நாற்பது வருடம் படத்தில் கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

அம்மா உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றாள்.

"இது வேணாம்ணா. அந்த டாக்டர் படத்துல, பொண்டாட்டிகிட்ட கோவிச்சுக்குவாரே, அதச் சொல்லுங்க."

குரல் மாமா தொண்டையைச் செருமினார். பிறகு என்னைப் பார்த்து, "சும்மா உக்காந்துட்டிருக்கியே, மைக் எங்க?" என்றார்.

எழுந்தேன்.