ரேடியோவைக் கூட்டி வைக்காதே

அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. பஸ் டெப்போ ஆபீசில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. எந்த பஸ் எந்த ரூட்டில், யாருக்கு எந்த ஷிப்ட், எல்லாம் அதில்தான். அது படுத்தால் டெப்போவே படுத்துவிடும். டிரைவர்கள் வந்து ஏன் என்று கேட்பார்கள். டேபிள், இண்டெக்ஸ் என்று ஆரம்பித்தால் கொட்டாவி விடுவார்கள். அதனால் அவர்கள் பாஷையிலேயே சொல்லப் பழகிக்கொண்டார்.

பேக்கப் என்பது ஸ்டெப்னி. இருக்கிறதா என்று கேட்டால் போதாது, அதில் காற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேண்டாத பதிவுகளை அழிக்காதவன், டிக்கி நிறையச் செங்கல்லை ஏற்றிக்கொண்டு மைலேஜ் இல்லை என்று புலம்புகிறவன். ஓடுகிற வண்டியில் பானெட்டைத் திறக்கக் கூடாது. திரையில் எச்சரிக்கைச் செய்தி வந்தால் அதை மூடிவிடக் கூடாது. என்ஜினில் சத்தம் கேட்டால் ரேடியோவையா கூட்டி வைப்பாய்?

ஸ்டியரிங்கைத் தொடாமலே இவ்வளவும் பேசியவருக்கு டிரைவர்கள் ‘எல் போர்டு’ என்று பேர் வைத்தார்கள். அவரும் அந்தப் பேரிலேயே போனை எடுப்பார்.

நானும் அதே தொழிலுக்கு வந்தேன். எங்களுக்குள் வேறு பேச்சே கிடையாது. மனுஷங்க மாதிரி பேசினால் என்ன குறைந்துபோகும் என்று அம்மா பக்கத்திலிருந்து கடிந்துகொள்வாள்.

கடைசியாகப் பேசிய அன்று, என் ஆபீசில் டேட்டாபேஸை வேறு சர்வருக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். போன் காதில், கண் திரையில்.

“எனக்கு இப்பல்லாம் மேட்டுல இழுக்கல பாப்பா. நின்னு நின்னுதான் போகுது.”

அவர் தன்னைத்தான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

“பழைய மாடல்தானேப்பா. சர்வீசுக்கு விடுங்க.”

சிரித்தார். சிரிக்கவைத்துவிட்ட திருப்தியில் வேலையைப் பார்த்தேன். எப்போதிலிருந்து என்று கேட்கவில்லை. டாக்டரைப் பார்த்தீர்களா என்று கேட்கவில்லை. அந்த வாரமே, டெப்போ மாடிப்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

டிரைவர்கள் கூட்டமாக வந்தார்கள். இனிமேல் ஸ்டெப்னிக்குக் காற்று யார் பார்ப்பார்கள் என்று ஒருவர் கேட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எல்லாரும் போன பிறகு அம்மா அவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் கேட்டாள்.

“உடம்பு முடியலைன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல மனுஷன். உன்கிட்டயாவது சொன்னாரா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள்.

“சொன்னார்மா. மேட்டுல இழுக்கலன்னார்.”

“அப்படின்னா?”

அவளுக்கு அந்தப் பேச்சை நான் ஒருநாளும் விளக்கிச் சொன்னதில்லை.

“படி ஏறினா மூச்சு வாங்குதுன்னு அர்த்தம்.”

சட்டை பாதி மடிப்பில் நின்றது.

“அது உனக்கு அன்னைக்கே புரிஞ்சுதா?”

“புரிஞ்சுதும்மா.”

அம்மா அந்தச் சட்டையை உதறி விரித்து, முதலிலிருந்து மடித்தாள்.