ஏகாம்பரத்தின் குடலும் கோவிந்தன் வீட்டுக் கதவும்

செய்தி வந்தபோது நான் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே பூரியைக் கிழித்துக்கொண்டிருந்தேன். "ஏகாம்பரம் போய்ட்டாருங்க. மில்லு ரோட்ல டிராக்டரு கவுந்துடுச்சு" என்றது போன். "டிராக்டருக்கு எவ்ளோ அடி?" என்றுதான் என் வாயில் முதலில் வந்தது. என் அக்கா மகன் ஏகாம்பரமும் ஒரு டிராக்டரும் மோதினால் டிராக்டரைத்தான் பட்டறைக்குக் கொண்டுபோவார்கள் என்று ஆயுள் முழுக்க நம்பியவன் நான். அன்று அது பொய்த்தது. கரும்புப் பாரத்தோடு வண்டி சரிந்து அவன்மேல் விழுந்திருந்தது. நோயை அனுப்பித் தோற்றுப்போன எமன், கடைசியில் ஒரு முழு லோடு கரும்பை அனுப்ப வேண்டியதாயிற்று.

அவன் காரியத்துக்குக் கூடியிருக்கும் உங்களுக்கு அவன் கோபத்தை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர்காரர்களில் அவனிடம் அறை வாங்காதவர்கள் ஒரு சங்கம் வைத்தால், தலைவர் பதவிக்கே ஆள் கிடைக்காது. ஆலை வாசல் வரிசையில் எவனாவது குறுக்கே வண்டியை நுழைத்தால் இவன் இறங்கி நடப்பான். தென்பெண்ணையில் மீன்கள் அக்கரைக்கு ஒதுங்கும். "பேசித் தீத்துக்கலாம் மாமா, மொதல்ல ரெண்டு குடுத்துட்டு" என்பது அவனுடைய சமாதானக் கொள்கை.

அப்படிப்பட்டவன் ஓர் அரவைப் பருவத்தில் இளைக்கத் தொடங்கினான். வரிசையில் நிற்கும்போதே வண்டியிலிருந்து குதித்துக் கரும்புக்குள் ஓடுவான். திரும்பி வரும்போது முகம் வெள்ளையடித்த சுவர்போல இருக்கும். சற்று நேரத்தில் மறுபடியும் ஓடுவான். கேட்டால் "சூடு மாமா" என்பான். இளநீர் குடித்தான், வெந்தயம் விழுங்கினான், மூலமாக இருக்கும் என்று துத்தி இலையை வதக்கித் தின்றான். வாயெல்லாம் புண், முழங்கால் வீக்கம், சாயங்காலமானால் காய்ச்சல். "இன்னாண்ணே, காலைலருந்து ஓடிக்கினே கீற?" என்று அக்கறையாகக் கேட்ட கிளீனருக்கு ஒரு பல் போயிற்று. அதன்பின் ஊரில் யாருக்கும் அக்கறை வரவில்லை.

ரத்தமும் சளியுமாகப் போகிறது என்பதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஊரையே அடித்தவன் இதை எந்த வாயால் சொல்வான்? யோசித்து யோசித்து அவனாகவே ஒரு முடிவுக்கு வந்தான். பங்காளி கோவிந்தன் தன் மகளுக்குக் காது குத்தியபோது இவன் போய்க் கறிச்சோறு தின்றிருந்தான். இருவருக்கும் இடையே ஒரு வரப்புத் தகராறு பல வருடமாக இருந்தது. அப்புறம் என்ன, கோவிந்தன் சோற்றில் மருந்து வைத்துவிட்டான்! நம் பக்கத்து நம்பிக்கை உங்களுக்குத் தெரியும். வேண்டாதவர்கள் எதையோ கலந்து கொடுத்தால் அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கிவிடும் என்பார்கள். அதை எடுக்கவென்றே ஆட்கள் இருக்கிறார்கள். குமட்ட வைத்து, உள்ளேயிருந்து வந்ததாக ஒரு கறுப்பு உருண்டையைக் காட்டுவார்கள். ஏகாம்பரத்துக்கும் உருண்டை காட்டினார்கள். அவன் நேரே கரும்பு வெட்டும் கத்தியோடு கோவிந்தன் வீட்டுக்குப் போனான்.

அந்தப் போரை நான் கண்ணால் கண்டேன். மூன்று வெட்டில் கதவு இரண்டாயிற்று. கோவிந்தனின் கை முறிந்த சத்தம் ரிஷிவந்தியம் வரை கேட்டிருக்கும். கோவிந்தன் இன்னொரு கையால் உலக்கையைச் சுழற்றினான். "சோத்துல வச்சிக் கொல்லப் பாத்தியேடா!" என்று கத்தியபடி ஏகாம்பரம் மறுபடி கத்தியை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. கண் செருகிக் கீழே விழுந்தான். வேட்டி முழுக்க ரத்தம்.

"ஐயோ, குத்திட்டான், கோவிந்தன் குத்திட்டான்!" என்று ஊர் அலறியது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவனைப் புரட்டிப் புரட்டித் தேடினார். "குத்து எங்கங்க?" என்றார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. உலக்கைக்காரன் ஒரு அடிகூடப் போடவில்லை. ரத்தம் உள்ளேயிருந்தே வந்திருந்தது.

குழாய் விட்டுக் கேமராவில் பார்த்தபோது பெருங்குடல் முழுக்கப் புண். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "இது மூலம் இல்ல, சூடு இல்ல, யாரும் எதையும் வைக்கவும் இல்ல. ஒடம்புல கிருமிய எதுக்க ஒரு சக்தி இருக்கில்ல, அது சொந்தக் குடலையே எதிரின்னு நெனச்சு அடிக்குது. குடல் அழற்சி நோய்னு பேரு. முழுசா போகாது. விடாம மாத்திரை சாப்ட்டு, சொல்றப்ப வந்து காட்டினா அடக்கி வச்சுக்கலாம்."

ஏகாம்பரம் தலையைத் தூக்கி, "அப்போ உள்ளயும் பங்காளிச் சண்டைதானாங்க?" என்றான்.

மன்னிப்புக் கேட்கும் பழக்கம் அவனுக்கு இல்லை. பதிலாகத் தேக்கில் ஒரு கதவு செய்து கோவிந்தன் வீட்டுக்கு அனுப்பினான். கோவிந்தன் அதை நடுத்தெருவில் போட்டுக் கொளுத்தினான். அன்று முதல் இரண்டு வீட்டுக்கும் நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இல்லை.

வருடங்கள் போயின. காது குத்திக்கொண்ட அந்தப் பெண், தேன்மொழி, கள்ளக்குறிச்சியில் கல்லூரிக்குப் போகும் அளவு வளர்ந்தாள். ஒருநாள் நான் ஏகாம்பரத்தைச் சீண்டுவதற்காகச் சொன்னேன்: "மாப்ள, நீ பெரிய ஆளாய்ட்ட. கோவிந்தன் பொண்ணுக்கு நீதான் மருந்து வச்சிட்டன்னு ஊரெல்லாம் பேச்சு."

"இன்னா பண்ணுதாம் அதுக்கு?"

"வயித்து வலியாம். ரத்தமா போதாம். பாதியா எளச்சுட்டுதாம். மருந்து எடுக்கணும்னு இன்னிக்கு கல்வராயன் மலைக்கு இட்டுக்கினு போயிருக்காங்க."

சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் டீ கிளாஸைத் தரையில் அடித்து உடைத்தான். "ஒரே ரத்தம் மாமா! டாக்டரம்மா சொன்னாங்க, சொந்தத்துல வரலாம்னு. ஏறு வண்டில!"

மலையேறும் வெள்ளிமலை ரோட்டில் அந்த பைக் தரையில் போனதாக எனக்கு நினைவில்லை. கொண்டையூசி வளைவுகள் எங்களைப் பார்த்துத் தாமாகவே நிமிர்ந்துகொண்டன. கீழேயிருந்து போய் மலையில் கடை விரித்திருந்த ஒருவனின் கொட்டகைக்குள் நுழைந்தால், தேன்மொழி சுருண்டு உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்து, உதடு வெளுத்து, வெறும் எலும்பு. எதிரே கரைசல் சட்டி. மருந்து எடுப்பவன் அவள் தாடையைப் பிடித்திருந்தான்.

ஏகாம்பரம் சட்டியை உதைத்தான். அது பறந்து கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. மருந்து எடுப்பவனுக்கு ஒரே ஓர் அறை. அவன் சேலம் மாவட்டத்தில் இறங்கியிருப்பான். "வச்சவனே வந்துட்டான்டா!" என்று கோவிந்தன் விறகுக் கட்டையால் ஏகாம்பரத்தின் மண்டையில் போட்டான். ரத்தம் காதோரம் வழிந்தது. ஏகாம்பரம் கோவிந்தனின் தலையை அக்குளில் இறுக்கிக்கொண்டு, அவன் தன் விலாவைக் கடிக்கக் கடிக்க, அந்தப் பெண்ணிடம் கேட்டான்.

"அம்மாடி, ராத்திரில தூக்கத்திலருந்து எழுந்து ஓட்றியா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"போயிட்டு வந்தாலும் இன்னும் பாக்கி கீற மாதிரியே கீதா? ரத்தத்தோட சளி மாதிரி வருதா? மூட்டு வலிக்குதா?"

அவள் தலை குனிந்தாள். சுற்றிலும் மாமன் மச்சான் கூட்டம். எந்தப் பெண் சொல்வாள்?

அப்போதுதான் என் மருமகன், டிராக்டர்காரர்களைக் கலங்கடித்தவன், இப்படிச் சொன்னான்: "எனக்கும் இதேதாம்மா. ரத்தமாப் போச்சு. மில்லு வரிசைல வேட்டிய நனைச்சிக்கினு நின்னவன் நானு. வெக்கப்பட்டுக்கினு மூலம்னேன், சூடுன்னேன், உங்கப்பன் மருந்து வச்சான்னேன். மூலம் எவனையும் தூக்கத்துலருந்து எழுப்பி ஓட வைக்காது. காய்ச்சல் வராது, ஆளு இப்டி எளைக்காது. இன்னொரு வாரம் போனா உன்னால நிக்க முடியாதும்மா. சொல்லு."

அவள் மெல்ல, "ஆமா பெரியப்பா. எல்லாமே" என்றாள்.

விலாவைக் கடித்துக்கொண்டிருந்த பல் தளர்ந்தது. அக்குளுக்குள்ளிருந்து கோவிந்தனின் குரல் வந்தது: "வுடுடா. ஜீப்பு கீது. இட்டுக்கினு போலாம்."

அன்றே அவளுக்கு ரத்தம் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் குடல் ஓட்டையாகியிருக்கும் என்றார் டாக்டரம்மா. அவளுக்கும் அதே நோய்தான். ஏகாம்பரத்தின் தலைக்குத் தையல், விலாவுக்கு ஊசி. இரண்டுக்கும் மருந்து வாங்கி வந்தவன் கோவிந்தன். வழியெல்லாம் ஏகாம்பரத்தைத் திட்டிக்கொண்டேதான் வந்தான்.

ஏகாம்பரத்தைத் தூக்கிய பாடையின் முன்கால் கோவிந்தன் தோளில் இருந்ததை நீங்களே பார்த்தீர்கள். முறிந்து கோணலாகச் சேர்ந்த அந்தக் கையால்தான் பிடித்திருந்தான். தேன்மொழி வாய்விட்டு அழவில்லை. பெரியப்பாவின் சட்டைப் பையில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

ஏகாம்பரத்தின் கைப்பலம் எனக்கு இல்லை, கோபமும் பாதிதான். அவனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, கூட்டத்தின் நடுவே வெட்கத்தைப் போட்டு மிதித்து அவன் கேட்ட கேள்விகளை மட்டும்தான். நேற்று ஆலை வரிசையில் ஒரு டிராக்டர்காரன் அடிக்கடி கரும்புக்குள் ஓடுவதைப் பார்த்தேன். ஆறடி ஆள், சட்டை தொளதொளவென்று தொங்கியது. போய்ச் சட்டையைப் பிடித்தேன். "தம்பி, ரத்தமாப் போதா? ராத்திரில எழுப்புதா?" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி கேட்டேன். விட்டான் ஒன்று. என் இடது கன்னம் இப்போது பூரிபோல உப்பியிருக்கிறது. விழுந்த இடத்திலிருந்து மறுபடியும் கேட்டேன். அவன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, யாருக்கும் கேட்காமல், "ரெண்டு மாசமா" என்றான்.

நாளைக் காலை இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். டாக்டரம்மா யாரை முதலில் பார்ப்பார் என்றுதான் தெரியவில்லை.