அட்டையின் நான்காவது கட்டம்

கப்பலில் அவருக்குப் பம்பரம் என்று பெயர். எஞ்சின் அறை மெக்கானிக். உட்கார வைத்த இடத்தில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டே எஞ்சின் சூடு காட்டும் கேஜைப் பார்க்கப் போய்விடுவார். கால் ஓய்ந்தால் கை எதையாவது துடைத்துக்கொண்டிருக்கும்.

இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே ஆட்களையும் சரக்கையும் ஏற்றிப் போய்வருகிற கப்பல் அது. பின்பக்கத்தில் ஒரு கம்பியில் கட்டி, மீன் வடிவத்தில் ஓர் இரும்புப் பெட்டியையும் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகும். கடல் ஆய்வுக்கூடத்தார் கொடுத்து வைத்தது. மூக்கிலிருக்கும் ஓட்டை வழியாகக் கடல்நீர் உள்ளே புகும். உள்ளே பழைய கேமரா ரோல் போல மெல்லச் சுற்றும் பட்டுத்துணி அதை வடிகட்டும். கண்ணுக்குத் தெரியாத மிதவையுயிர்கள் துணியில் தங்கிவிடும். அவற்றைத் தின்றுதான் கூனி என்கிற பொடி இறால் வாழ்கிறது, கூனியைத் தின்று மீன், மீனைத் தின்று மற்றதெல்லாம். பெட்டியை இறக்குவதும் ஏற்றுவதும் பம்பரத்தின் வேலை. துணியை ஈரத்தோடு விரித்து, நான்கு கட்டம் போட்ட வண்ண அட்டையை அருகில் வைத்து, எந்தக் கட்டத்தின் நிறத்தோடு ஒத்துப்போகிறதோ அந்த எண்ணைச் சொல்ல வேண்டும். ஒன்று என்றால் வெளுப்பு. நான்கு என்றால் கரும்பச்சை. பிறகு துணி ஆய்வுக்கூடத்துக்குப் போய்விடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் துணி பாசி பிடித்த கல் மாதிரி வரும். மூன்று, நான்கு என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டுப் போவார். பிறகு இரண்டானது. சில வருடமாக ஒன்றைத் தாண்டவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கண்ணில் புரை விழுந்திருப்பதாக டாக்டர் சொன்னார். வேறு யாராயிருந்தாலும் முகம் வாடியிருக்கும். இவர் வீட்டுக்கு வந்த வேகத்தைப் பார்த்து, நல்ல செய்தி என்றே மனைவி நினைத்தாள். ஒரு வகையில் நல்ல செய்திதான். வெளுத்தது துணியில்லை, தன் கண். கெட்டது கடலில்லை, தான். உலகம் சரியாக இருப்பதற்குத் தன்னிடம் ஒரு பழுது இருந்தால் போதும் என்றால், அந்தப் பழுதை யார்தான் விடுவார்கள்? அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கொடுத்தபோதெல்லாம் ஏதாவது சாக்குச் சொன்னார்.

ஆனால் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. எஞ்சினைக் குளிரவைக்க உள்ளே வரும் கடல்நீர் முன்னைவிடச் சூடாக இருந்தது. அந்த நீரை வடிகட்டும் சல்லடையைத் திறந்தால் முன்பு பொடிமீன் கிடக்கும். இப்போது ஜெல்லி மீன் கொழகொழவென்று அடைத்துக்கொண்டிருந்தது. கப்பலின் பின்னால் கத்திக்கொண்டு வரும் பறவைக் கூட்டத்தையும் காணோம்.

"என் கண்ணு கோளாறுய்யா. அதான் துணி வெளுப்பாத் தெரியுது" என்றார் கப்பல் சமையல்காரரிடம்.

"சரிதான். அந்தப் பறவைங்க கத்துற சத்தமும் கேக்கலையே, அதுக்குக் காதுலயும் புரையா?"

பம்பரம் எஞ்சின் அறைக்கு இறங்கிவிட்டார். துணியை வாங்க ஆய்வுக்கூடத்து மேடம் வரும் நாட்களிலும் அப்படித்தான். மைக்ராஸ்கோப்பில் என்ன தெரிகிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் சொல்லிவிடுவார் என்ற பயம்.

மனைவி பள்ளிச் சீருடை தைக்கிறவள். அவளுக்கும் பார்வை மங்கல். கட்டிலில், நாற்காலியில், தரையில் எல்லாம் துணி பரப்பி, நூல்கண்டைத் துணியோடு ஒட்டிவைத்துப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தாள். விடுப்பில் வந்திருந்த பம்பரம் துணிகளுக்கு நடுவே காலை எட்டி எட்டி வைத்து நடந்துகொண்டிருந்தார்.

"ஒரு இடத்துல நில்லுங்களேன். தலை சுத்துது எனக்கு."

"கண்ணே சரியாத் தெரியல உனக்கு. நூல் கலர் மாறிடப்போகுது."

"அதெப்படி மாறும்? துணியையும் நூலையும் ஒரே கண்ணாலதானே பாக்கறேன். மங்குனா ரெண்டும் சேந்துதான் மங்கும். ஒண்ணோட ஒண்ணு சேருதான்னுதானே பாக்கணும்." பல்லால் நூலை அறுத்தாள். "இத்தனை வருஷத்துல ஒருத்தராவது வந்து குறை சொல்லியிருக்காங்களா?"

பம்பரம் நின்றுவிட்டார். அட்டையையும் பட்டுத்துணியையும் பார்த்தது ஒரே கண்தான். புரை மறைத்திருந்தால் இரண்டையும் ஒன்றாகத்தான் மறைத்திருக்கும். இது அவருக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்துவிடக் கூடாது என்றுதானே இவ்வளவு நடையும்.

"என்னங்க, நிஜமாவே நின்னுட்டீங்க?"

"நாளைக்கு டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாம்" என்றார்.

அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் கெஞ்சுனப்பல்லாம் வரல. இப்ப என்ன வந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. இனிமே தள்ளிப்போட்டு ஆகப்போறது எதுவுமில்ல."

முதலில் வலது கண்ணுக்குச் செய்தார்கள். ஆறியதும் கப்பலுக்குத் திரும்பினார். முதல் பயணத்தில் பெட்டியை ஏற்றித் துணியை விரித்தார். ஒருவேளை கண்தானோ என்ற நினைப்பு எங்கே விடுகிறது? அட்டையை அருகில் வைத்தார். புதுக் கண்ணை மூடிப் பழைய கண்ணால் பார்த்தார். எல்லாம் டீக்கறை படிந்தது போல இருந்தது. ஒன்று. பழையதை மூடிப் புதியதால் பார்த்தார். எல்லாம் கழுவிவிட்டது போல இருந்தது. ஒன்று. சாட்சிகள் இருவரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள்.

"ஒண்ணு" என்று, எண்ணை ஏட்டில் குறித்துக்கொள்ளும் மாலுமியிடம் சொன்னார்.

அன்று ஆய்வுக்கூடத்து மேடம் துணி வாங்க வந்தபோது பம்பரம் எஞ்சின் அறைக்கு இறங்கவில்லை. "மைக்ராஸ்கோப்புல என்னங்க தெரியுது?" என்று கேட்டார்.

"குறைஞ்சுக்கிட்டேதான் வருது. நீங்க சொல்ற நம்பரும் அதையேதான் சொல்லுது" என்றார் அவர்.

மேடம் போன பிறகும் அட்டை பம்பரத்தின் கையில் இருந்தது. துணி பல வருடமாக எட்டாத அந்த நான்காவது கட்டத்தைப் புதுக் கண்ணால் பார்த்தார். அது இத்தனை பச்சை என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது.

"பம்பரம், டீ ஆறுது" என்று சமையல்காரர் குரல் கொடுத்தார். "உக்காந்து குடிக்கப்போறியா, இல்ல வழக்கம்போல ஊர்வலமா?"

டம்ளரை வாங்கிக்கொண்டு அவர் பின்பக்கத்துக்கு நடந்தார். அங்கிருந்து முன்பக்கத்துக்கு. மறுபடி பின்பக்கத்துக்கு.