திங்கட்கிழமைக்குள் ஓட வேண்டியது

சனிக்கிழமை மதியம் ஷிப்ட் முடிந்து வந்தேன். மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் லேப்டாப். பக்கத்தில் சோறு ஆறிக் கிடந்தது. நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, கையை நீட்டினாள்.

"போனைத் தாங்கப்பா. என் நெட் தீந்துட்டு."

கொடுத்தேன்.

எனக்குத் துறைமுகத்தில் வேலை. சரக்குக்குக் கொக்கி மாட்டுவது. தூத்துக்குடியில் செய்ததும் அதுதான். கான்ட்ராக்டர் கூப்பிட்டார் என்று கல்கத்தா வந்தேன், இருந்துவிட்டேன். மகள் பிறந்தது இங்கே, டாக்குரியாவில், ரயில் பாதையை ஒட்டின இந்த வீட்டில். எங்களோடு தமிழ் பேசுவாள். வாசிக்கத் தெரியாது. பள்ளியில் வங்காளம், இந்தி, இங்கிலீஷ். எனக்கு நேர்மாறு. மற்ற பாஷைகளை வேலைக்கு வேண்டிய மட்டும் பேசுவேன். எழுத வருவது தமிழ் ஒன்றுதான். அதுவும் எட்டாவது வரை.

இப்போது அவள் யுனிவர்சிட்டியில் முதல் வருஷம். பைத்தான் என்று ஒரு பாடம் கூடுதலாக எடுத்திருக்கிறாள். கம்ப்யூட்டரிடம் வேலை சொல்லப் படிப்பது என்றாள். அதற்கு ஒரு நோட்புக் வேண்டும். தாளில் இல்லை, லேப்டாப்புக்குள். அதில் ஒரு கட்டத்துக்குள் எழுதி ஓட விட்டால் அடியிலேயே விடை வரும். அதை அவரவரே ஏற்றிக்கொண்டு வந்து திங்கட்கிழமை வகுப்பில் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடாவிட்டால் இடம் போய்விடும். வெளியே ஆள் காத்திருக்கிறது. மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இந்தப் பாடத்தில் இடம் கிடைத்த அன்று ஸ்டேஷனில் இருந்து வீடு வரை ஓடியே வந்தாள். அவள் ஓடி நான் அதிகம் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் சிக்னல் ஜன்னலோரம்தான் கிடைக்கும். போனைக் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலையில் இருந்து கொக்கி பிடித்த கை. மனைவி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"கொடியில துணி காயப்போட்ட மாதிரி நிக்கியளே. உக்காருங்க."

"உக்காந்தா நின்னுரும்."

"எது?"

"அது."

நோட்புக் ஏறி முடிந்தது. மகள் திறந்தாள். திரையில் கறுப்பாக ஒரு ஜன்னல் வந்தது. அதில் சிவப்பாக வரி வரியாக ஓடியது. தானே மூடிக்கொண்டது.

"என்னட்டி?"

"தெரியலப்பா."

எல்லாவற்றையும் அழித்தாள். முதலில் இருந்து இறக்கினாள். பாதியில் என் நெட்டும் தீர்ந்தது. மனைவி தன் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தாள். "வச்சிருதேங்க்கா. இங்க ஒண்ணு நெட்டு நெட்டுனு வாயப் பொளந்துக்கிட்டு இருக்கு" என்று போனை நீட்டினாள். அதையும் ஜன்னலில் பிடித்தேன். மறுபடி கறுப்பு ஜன்னல். மறுபடி சிவப்பு வரி.

ஞாயிறு காலையிலும் அப்படித்தான். மனைவி மீன் குழம்பு வைத்தாள். மகள் தட்டைத் தொடவில்லை. கண் சிவந்திருந்தது. அழுதாளா, திரையையே பார்த்ததாலா, கேட்கவில்லை.

"விட்டுருதேம்ப்பா. வேற பாடம் எடுத்துக்கிடுதேன்."

"எந்தப் பாடம்?"

"ஏதாச்சும்."

டீ போட்டுக் கொடுத்தேன். குடித்தாள்.

மதியத்துக்குப் பிறகு அவள் கூடப் படிக்கிற பெண் காளிகாட்டில் இருந்து வந்தாள். வங்காளிப் பெண். வாய் ஓயாது. வந்ததும் மீன் வாசனை பிடித்து அடுப்படிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். நோட்புக்கைத் திறந்தாள். சிவப்பு வரி ஓடியது. அவள் பயப்படவில்லை. ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இதென்ன, வரிசையா கேள்விக்குறி?" என்று வங்காளத்தில் கேட்டாள்.

நானும் குனிந்து பார்த்தேன். இங்கிலீஷ் எழுத்துக்கு நடுவில் கேள்விக்குறிகள் நின்றன. அது எனக்கும் தெரியும்.

மகள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அந்த இடத்துல என் பேருல்லா வரணும்" என்றாள். சொன்னது தமிழில். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. பிறகு வங்காளத்தில் சொன்னாள்.

லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டாள். முதல் திரையில் அவள் பெயர் வந்தது, தமிழ் எழுத்தில். தினமும் வருவதுதான்.

"இதென்ன, ஜிலேபியா?"

"என் பேருடி."

"உனக்கு வாசிக்க வருமா?"

"இது மட்டும் வரும்."

அந்த லேப்டாப்பை ஹவுராவில் ஒரு கடையில் பழசாக வாங்கினேன். எல்லாம் சரிசெய்து தருகிறேன் என்றார் கடைக்காரர். பிறகு போனில் கூப்பிட்டு, யார் பெயர் போட வேண்டும், எழுதி அனுப்புங்கள் என்றார். எனக்கு எழுதத் தெரிந்த எழுத்தில் மகள் பெயரை எழுதி அனுப்பினேன். அவருக்கு அது என்னவென்றே தெரியாது. வந்ததை அப்படியே ஒட்டிவிட்டார். இத்தனை நாள் அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. பாட்டு ஓடியது, படம் ஓடியது. ஆனால் இந்த நோட்புக் தன் சாமானை அந்தப் பெயர் போட்ட அறைக்குள் போய்த் தேடுகிறதாம். பெயரை வாசிக்க முடியாமல் வாசலிலேயே திரும்பிவிடுகிறதாம். என்னைக் காக்கு, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடும் அந்தப் பெண் அப்படித்தான் எனக்கு விளக்கினாள்.

"காக்கு, ரெண்டு நாளா வைரஸ்னு பயந்துக்கிட்டு இருந்தா உங்க பொண்ணு. அந்த வைரஸ் நீங்கதான்."

மனைவி அடுப்படியில் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். "பரவால்லப்பா" என்றாள்.

"வழி உண்டா?"

"புது ஆள் மாதிரி இன்னொரு பேர் போட்டு உள்ள போகணும்ப்பா. இங்கிலீஷ்ல."

"பேரு அதேதான?"

"அதேதான். எழுத்து வேற."

"செய்யி."

போனை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். தோள்பட்டை வலித்தது. கை மாற்றிக்கொண்டேன். கீழே ரயில் போனது, இன்னொன்று வந்தது. அந்தப் பெண் பேசிக்கொண்டே இருந்தாள். மகள் தட்டிக்கொண்டே இருந்தாள்.

கறுப்பு ஜன்னல் வந்தது. சிவப்பு வரவில்லை. வெள்ளையாக ஒரு பக்கம் திறந்தது, அதில் ஒரு கட்டம். மகள் என்னவோ தட்டினாள். அடியில் ஏதோ ஒன்று விழுந்தது.

"என்ன கேட்ட?"

"ரெண்டும் ரெண்டும் எவ்வளவுன்னு."

"என்ன சொல்லுது?"

"நாலு."

"இதுக்கா ரெண்டு நாளு?" என்றாள் மனைவி.

அப்போதுதான் மகள் சிரித்தாள். மூன்று பெண்களும் உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டார்கள். நான் சுவரில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போனேன்.

திங்கட்கிழமை வேலையில் இருக்கும்போது போன் அடித்தது. கிரேன் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

"ஓடுச்சுப்பா. இடம் இருக்கு."

"சரி" என்றேன். "சாப்பிட்டியா?"

இப்போது லேப்டாப்பைப் போட்டால் இரண்டு பெயர் வருகிறது. ஒன்று என் எழுத்தில், ஒன்று இங்கிலீஷில். அவள் இங்கிலீஷைத்தான் அழுத்துகிறாள். அதற்குள்தான் அவள் பாடம் எல்லாம் இருக்கிறது.

"பழசு இடம் அடைக்குதாட்டி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கொஞ்சம் அடைக்குது."

"அப்ப எடுத்துரு."

"ம்" என்றாள். இன்னும் எடுக்கவில்லை.