கரண்ட் வந்ததும் நடக்கிற 'திருட்டு'

என் மனைவி பார்த்துக்கொள்கிற இடத்தில் திருட்டு நடக்கிறது என்று ஒருவர் எழுதினால் எனக்குக் கோபம் வருமா, வராதா?

வந்தது. போன மாதம்.

உத்தமபாளையம் பக்கம் ஒரு கல்லூரியில் என் மனைவி செல்வி நூலகர். ஆராய்ச்சி இதழ்களெல்லாம் இப்போது இன்டர்நெட்டில்தானே? சந்தா கட்டி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் கல்லூரி கம்ப்யூட்டரில் படிக்கலாம். அப்படிச் சந்தா கட்டிய ஒரு வெளிநாட்டுப் பதிப்பகம் திடீரென்று இணைப்பை நிறுத்திவிட்டது. 'மிஷின் வைத்துக் கட்டுரைகளை மொத்தமாக உருவுகிறீர்கள். ஒப்பந்த மீறல்' என்று ஒரு இமெயில்.

அடி யாருக்கு? அங்கே ஆராய்ச்சி செய்கிற ஓடைப்பட்டி மேகலாவுக்கு. திராட்சைக் கொடியில் வரும் நோயைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு... ஐந்து வருட உழைப்பு. ஆய்வேட்டைக் கொடுக்கப் பத்தே நாள். கடைசி அத்தியாயத்துக்கு வேண்டிய கட்டுரைகளைத் திறக்க முடியவில்லை.

"மன்னிப்புக் கேட்டு எழுதிருங்கம்மா, முடிஞ்சிரும்" என்று செல்வியிடம் சொல்லியிருக்கிறார் கல்லூரி முதல்வர்.

"செய்யாத தப்புக்கு எதுக்கு சார் மன்னிப்பு? எழுதிக் குடுத்தா நாமதேன் திருடுனோம்னு ஆகிப்போகும்."

வீட்டுக்கு வந்தவள் ஒப்பந்தத்தை வரி விடாமல் படித்தாள். நீங்களும் நானும் படிக்காமலே கையெழுத்துப் போடுவோமே — அந்த மாதிரி ஒப்பந்தம்! பாதியில் சிரித்தாள்.

"ஏங்க, இவுக கரண்ட் போகாத ஊர்ல இருக்காக... அதேன் புரியல."

விஷயம் இதுதான். தினமும் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை மின்வெட்டு. பிள்ளைகள் வேண்டிய கட்டுரைகளைப் பேப்பரில் குறித்துக்கொண்டு காத்திருப்பார்கள். கரண்ட் வந்ததோ இல்லையோ, இருபது கம்ப்யூட்டரிலும் ஒரே பாய்ச்சல்! மறுபடி எப்போது போகுமோ? தூரத்திலிருந்து பார்த்தால் மிஷின் மாதிரிதான் இருக்கும்.

செல்வி கெஞ்சவில்லை. மின்வெட்டு அட்டவணை ஒன்று. யார், எந்தக் கட்டுரையை, எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்று பிள்ளைகளே கையெழுத்திட்ட பதிவேடு ஒன்று. இரண்டையும் ஸ்கேன் செய்து அனுப்பினாள். கூடவே ஒரு வரி — மிஷின் கூடாது என்றுதான் ஒப்பந்தம் சொல்கிறது; ஆளாளுக்குத் தன் படிப்புக்கு எடுப்பதைத் தடுக்கவில்லை.

நான்காம் நாள் பதில். வருத்தம் தெரிவித்தது அவர்கள்! இணைப்பும் வந்துவிட்டது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அல்லிநகரம் டீக்கடையில் கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் சொன்னேன். பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தப் பத்தியைத் திட்டியவன் எவனாவது இதுவரை வருத்தம் தெரிவித்திருக்கிறானா?

மேகலாவோ செய்தி கேட்டதும் செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள்.

"அழுகைய அப்புறம் வச்சுக்க ஆத்தா, முதல்ல போயி உக்காரு... கரண்ட் போக இன்னும் இருவது நிமிசந்தேன் இருக்கு!"