கறையக்காவின் மூக்கு

சலவைக் கடையில் கறை எடுப்பவளுக்குக் கறையக்கா என்று யார் பேர் வைத்தார்களோ, பொருத்தமாகத்தான் வைத்தார்கள். மை, துரு, எண்ணெய் என்று துணியைப் பிரிப்பதுபோலவே மனிதர்களையும் பிரித்து வைத்திருந்தாள். பொய் வெறும் சோப்பிலேயே போய்விடும். திருட்டை இரண்டு தரம் ஊறப்போட வேண்டும். குடியா? "துணியே கிழிஞ்சாலும் அது போகாது" என்பாள். அவள் புருஷன் குடித்தே செத்தவன். அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் தன் வாயை மட்டும் அவள் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. பேச்சுதானே, காற்றோடு போய்விடுமாம்!

அவள் தங்கை புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், வாயில்லாப் பூச்சி. ஒரு நாள் காலையில் துவைக்கத் துணி கொடுக்கக் கையை நீட்டினார்; சட்டைக் கையிலிருந்து குப்பென்று ஒரு நெடி. கறையக்காவுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால்தானே! அவர் தெருவைத் தாண்டுவதற்குள், பக்கத்தில் நின்ற பெண்ணிடம் பற்றவைத்துவிட்டாள்.

"என் தங்கச்சி வீட்டுக்காரர்தான். பாவி, காலங்காத்தாலயே ஊத்திட்டு வர்றாரு. உங்க புள்ளையும் அந்த வேன்லதானே போகுது?"

மத்தியானத்துக்குள் பேச்சு பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் வேன் சாவியை வாங்கிக்கொண்டு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் தங்கை கடைக்கே வந்தாள்.

"அது ஸ்பிரிட்டுக்கா. எனக்குச் சர்க்கரை. தினம் காலையில அவர்தான் துடைச்சு ஊசி போட்டு விடுறாரு. நேத்து பாட்டில் கவுந்து சட்டையில கொட்டிடுச்சு."

"ஐயோ, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி!"

"உங்கிட்ட சொன்னா ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரின்னு நான்தான் சொல்ல வேணாம்னேன்."

கறையக்கா பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். தலைமையாசிரியர் மரியாதையாகத்தான் பேசினார். "சொந்தக்காரருக்காகப் பேசுறீங்க, புரியுதும்மா. ஆனா நேத்து சொன்னதும் நீங்கதானே? சொந்தமே சொல்லுதேன்னுதான் நம்பினோம். இனி அவர் வேன்ல யாரும் புள்ளைய ஏத்த மாட்டாங்க."

அவள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனாள். அவர்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "விடுங்கண்ணி, வேணும்னேவா செஞ்சீங்க?" என்றார். அதற்குப் பதில் அவர் நாலு வசவு வைதிருக்கலாம். அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

தங்கை மட்டும் விடவில்லை.

"குடிச்சவனுக்குக்கூட விடிஞ்சா தெளிஞ்சுடும். உனக்கு எப்பக்கா தெளியும்?"