மஞ்சள் சட்டை போட்டும்

திருப்பதியில் நான் வேலை பார்க்கும் ஆபீஸில் ஒவ்வொரு கோடையும் இதே தொல்லை. கிரிக்கெட்டில் சென்னையும் ஹைதராபாத்தும் மோதும் நாளில், "நீ எந்தப் பக்கம்?" என்று தெலுங்கில் கேட்பார்கள். பதிலுக்கு யாரும் காத்திருப்பதில்லை. ஆந்திராவுக்குள்ளேயே இருக்கும் நகரி பக்கத்துத் தமிழ் ஆள் என்றால் சென்னைதான் என்று அவர்களே முடிவு செய்துவிடுவார்கள். சென்னை தோற்றால் துக்கம் விசாரிக்க என் மேசைக்கு வருவார்கள்.

உண்மையில் எனக்குச் சென்னைதான். அதனால்தான் போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு, ரயிலில் நின்றபடியே சென்னை மைதானத்துக்குப் போனேன்.

கடைசி ஓவர். எங்கள் ஆள் மட்டையை ஓங்கியதும், "கொட்டரா, கொட்டு" என்று கத்திவிட்டேன். நான் படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம். அடிக்கச் சொல்லி அங்கே கத்திப் பழகிய வாய், வேறு எப்படிக் கத்தும்?

பக்கத்து சீட்டுக்காரர் என் சட்டையை ஏற இறங்கப் பார்த்தார். "ஹைதராபாத்தா சார்?"

"இல்ல சார், நகரி. நாங்க வூட்ல தமிழ்தான் பேசிக்கினு இருக்கோம்."

"பரவால்ல சார், தமிழ் நல்லாவே பேசறீங்க" என்று பாராட்டினார். அதற்குமேல் விளக்க எனக்குச் சலிப்பாக இருந்தது.

சென்னை ஜெயித்தது. மறுநாள் ஆபீஸில், உங்கள் ஊர் ஜெயித்துவிட்டதே, ஸ்வீட் எங்கே என்று சூழ்ந்துகொண்டார்கள். எந்த ஊர் என்று கேட்கத் தெம்பில்லாமல் வாங்கிக் கொடுத்தேன்.